‘எங்கள் ஊரில் அவ்வளவு மோசமில்லை’: மேயோ கிராமங்களில் பஞ்சத்தின் நினைவு

கேள்வி இது: அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தைப் பற்றி அந்நாட்டுக் கிராமங்களில் வாய்வழிக் கதைகள் இருக்கின்றனவா? இருந்தால் அவற்றை எவ்வளவு நம்பலாம்?

நிறையவே இருக்கின்றன. நம்பலாமா என்பது நீங்கள் அவற்றிடம் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எத்தனை பேர் செத்தார்கள், எந்தத் தேதியில் என்று கேட்டால் அந்தக் கதைகள் காலை வாரிவிடும். பிணத்தை யார் தூக்கிப்போனார், யார் கதவைச் சாத்திக்கொண்டார், பிறகு அந்தக் குடும்பத்தைப் பற்றி ஊர் என்ன பேசியது என்று கேட்டால், அரசாங்கக் கோப்பில் இல்லாத பதில் கிடைக்கும். எதைச் சொல்ல ஊருக்கு வாய் வரவில்லை என்பதும் கூடவே தெரியவரும். எனக்கு அதில்தான் ஆர்வம் அதிகம். அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் மேயோ மாவட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்காக நாலு வரி. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. அந்த வருடம் விளைச்சலில் ஒரு பங்குதான் போயிற்று. 1846இல் கிட்டத்தட்ட எல்லாமே போயிற்று. 1847இல் நோய் குறைவு, ஆனால் விதைக்கிழங்கையே தின்று தீர்த்துவிட்டதால் நட்டது கொஞ்சம். 1848இல் நோய் திரும்பவும் வந்தது. உழைக்கும் ஆண் ஒருவர் நாளுக்கு ஐந்தாறு கிலோ கிழங்கு தின்று வாழ்ந்த நாடு அது; வேறு சாப்பாடு ஏழைக்கு அநேகமாகக் கிடையாது. 1841 கணக்கெடுப்பில் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் சுமார் 65.5 லட்சம். ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள், அதைவிடச் சற்று அதிகமானோர் கப்பலேறினார்கள். மேயோவில் மட்டும் 3,88,000க்கு மேல் இருந்தவர்கள் பத்தே ஆண்டில் 2,74,000 சொச்சம் ஆனார்கள்.

புத்தகங்கள் இதைப் ‘பெரும் பஞ்சம்’ என்கின்றன. ஐரிஷ் மொழி பேசிய கிராமத்தார் பெரும்பாலும் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் வாயில் அது ‘அன் த்ரொஹீல்’, அதாவது ‘கெட்ட காலம்’. பசி, காய்ச்சல், வீட்டை இடித்து வெளியே தள்ளியது, கப்பல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். கதை சொல்லும்போதும் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வதில்லை.

மேயோவில் எல்லோரும் முதலில் சொல்லும் கதை டூலாக் ஏரிக் கதை. லூயிஸ்பர்க் என்ற சின்ன ஊரிலிருந்து தெற்கே மலைகளுக்கு நடுவே ஒரு சாலை போகிறது. சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி டெல்ஃபி லாட்ஜ் என்ற வேட்டை மாளிகை. ஸ்லைகோ மார்க்வெஸ் என்ற பெரும் நிலப்பிரபுவின் குடும்பம் கட்டியது. கிரேக்கத்து டெல்ஃபியின் பெயரை மழை ஓயாத இந்தப் பள்ளத்தாக்குக்கு வைத்த ரசனை அவர்களுடையது.

ஊர் சொல்லும் கதை இப்படிப் போகும். 1849 மார்ச் கடைசி. நிவாரணம் கேட்டு 600 பேர் லூயிஸ்பர்க்கில் கூடுகிறார்கள். இங்கே ஒன்றும் இல்லை, அதிகாரிகள் டெல்ஃபியில் இருக்கிறார்கள், அங்கே போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். பனியிலும் குளிரிலும் ராத்திரி வெளியே கிடந்துவிட்டு, வெள்ளம் ஓடும் ஆற்றைக் கடந்து, ஆட்டுத்தடத்தில் நடந்து போய்ச் சேர்கிறார்கள். துரைமார் மதியச் சாப்பாட்டில் இருக்கிறார்கள், காத்திருங்கள் என்று பதில் வருகிறது. மரத்தடியில் உட்கார்ந்தவர்களில் சிலர் அங்கேயே சாய்கிறார்கள். சாப்பாடு முடித்து வந்தவர்கள் ஒன்றும் தர முடியாதென்று திருப்பி அனுப்புகிறார்கள். திரும்பும் வழியில் ஏரிக்கு மேலே சரிவில் புயல்காற்று அடித்து ஆட்களைத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. மறுநாள் வழி நெடுகப் பிணங்கள், வாயில் புல்லோடு. 400 பேர் என்பார்கள்.

இதே நிகழ்ச்சிக்கு அந்தக் காலத்து எழுத்துச் சான்றும் இருக்கிறது. 1849 ஏப்ரல் 10ஆம் தேதி ‘மேயோ கான்ஸ்டிடியூஷன்’ பத்திரிகையில், ‘வரி செலுத்துபவர்’ என்று மட்டும் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று வந்தது. நிவாரணப் பட்டியலில் இருப்பவர்களைச் சோதிக்க இரண்டு அதிகாரிகள் மார்ச் 30 வெள்ளிக்கிழமை லூயிஸ்பர்க் வந்தார்கள். சோதிக்காமலே டெல்ஃபிக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலை 7 மணிக்கு அங்கே வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்று நூற்றுக்கணக்கானவர்களுக்கு உத்தரவு. பெண்களும் குழந்தைகளும் உட்பட ஏழு பேர் வழியில் செத்துக் கிடந்ததாகவும், இன்னும் ஒன்பது பேர் வீடு போய்ச் சேரவில்லை என்றும் கடிதம் சொல்கிறது.

ஏழும் ஒன்பதும் பதினாறு. ஊர் சொல்வது 400. கிராமத்தார் கதை கட்டிவிட்டார்கள் என்று இங்கேயே பேச்சை முடித்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு அது அவசரமாகப் படுகிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த நாலைந்து வருடங்களில் செத்தவர்கள் 400க்கும் மிக அதிகம். அவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, கதையும் இல்லை. தன் குடிசையில், காய்ச்சலில், யாரும் பார்க்காமல் செத்தவரைப் பற்றி என்ன கதை சொல்வது? அந்தச் சாவுகள் எல்லாம் மெதுவாக நகர்ந்து இந்த ஒரு சாலைக்கு வந்து சேர்ந்துவிட்டன. இங்கே ஒரு தேதி இருக்கிறது, ஓர் ஏரி இருக்கிறது, குற்றம் சொல்ல ஒரு சாப்பாட்டு மேஜை இருக்கிறது. எண்ணிக்கை தப்பு. ஆனால் பசித்தவனை நடக்க வைத்துத்தான் சோறு போடுவேன் என்ற நிர்வாகத்தின் புத்தியைக் கதை சரியாகவே பிடித்து வைத்திருக்கிறது. கடிதமும் அதையேதான் சொல்கிறது.

சரி, இந்தக் கதைகளெல்லாம் எப்படி எழுத்துக்கு வந்தன? 1935இல் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் தொடங்கப்பட்டது. 1937 முதல் 1939 வரை அவர்கள் செய்த வேலை அபாரமானது. 26 மாவட்டங்களில் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளில், பதினொன்றிலிருந்து பதினாலு வயதுப் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களிடமும் அக்கம்பக்கத்துக் கிழவர்களிடமும் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். கேட்க வேண்டிய தலைப்புகளில் பஞ்ச காலமும் ஒன்று. எல்லாம் சேர்த்துச் சுமார் 7,40,000 பக்கங்கள் தேறின. அப்புறம் 1945இல், பஞ்சத்தின் நூற்றாண்டை ஒட்டி, பெரியவர்களுக்கென்றே தனிக் கேள்விப் பட்டியல் போயிற்று.

காலக் கணக்கை இங்கே கவனிக்க வேண்டும். 1937இல் எண்பது வயதுக் கிழவர் 1857இல் பிறந்தவர். பஞ்சத்தைப் பார்த்தவர் அல்ல, பார்த்தவரின் பிள்ளை. அவரே கண்ணால் பார்த்தது 1879-80இல் மேயோவை உலுக்கிய இன்னொரு பஞ்சத்தை. அந்த வருடம்தான் மேயோவில், குத்தகை விவசாயிகள் நிலப்பிரபுக்களை எதிர்த்து நடத்திய நிலக் கழகப் போராட்டம் பிறந்தது. ஆக, அப்பா சொன்ன 1847உம் தான் பார்த்த 1879உம் ஒரே பேச்சில் கலந்துவிடும். நிலப்பிரபுவின் மேல் கதைகளில் தெரியும் கோபத்தில் எவ்வளவு 1847க்குச் சொந்தம், எவ்வளவு போராட்டக் காலத்தில் ஏறியது என்று பிரிப்பது லேசான வேலையில்லை.

அந்த நோட்டுகளைப் படிக்கும்போது முதலில் கண்ணில் படும் வாக்கியம் ஒன்று உண்டு. ‘இந்தப் பகுதியில் அவ்வளவு மோசமில்லை. அந்தப் பக்கம்தான் ரொம்பச் செத்தார்கள்.’ நாட்டின் பல மூலைகளிலும் இதே பேச்சு. செத்தவர்கள் எப்போதும் மலைக்கு அப்பால் இருந்தவர்கள், அல்லது வழியில் போன பேர் தெரியாத பரதேசிகள். ‘எங்கள் வீட்டில் இன்னார் பசியால் செத்தார்’ என்று சொல்பவர் அபூர்வம். மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களிலும் இப்படித்தான்.

இதற்குக் காரணம் வெட்கம் மட்டும் இல்லை, கணக்கும்தான். முழுக் குடும்பமும் அழிந்த வீட்டில் கதை சொல்ல யார் மிச்சம்? கப்பலேறியவர்களின் கதை பாஸ்டனுக்கோ லிவர்பூலுக்கோ போய்விட்டது. ஊரில் தங்கிக் கதை சொன்னவர்கள் எப்படியோ சமாளித்தவர்களின் வம்சம். கொஞ்சம் நிலம் கூடுதலாக வைத்திருந்தவர், ஒரு பசு வைத்திருந்தவர், கடற்கரையில் இருந்தவர், இவர்களின் பேரப்பிள்ளைகள். அதனால் கதைகளில் நாம் எப்போதும் கதவுக்கு உள்ளே நிற்கிறோம். பசித்தவர் வெளியே நின்று தட்டுகிறார்.

இந்த இடத்தில்தான் அந்தத் தானக் கதை வருகிறது. நாடு முழுவதும் நூறு வடிவங்களில் சொல்லப்படும் கதை இது. இரக்கமுள்ள வீட்டுக்காரி வாசலுக்கு வருபவர்களுக்கெல்லாம் கிழங்கோ மாவோ அள்ளிக் கொடுக்கிறாள். புருஷன் கணக்குப் பார்க்கிறான்: இப்படிக் கொடுத்தால் நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கும் என்று சத்தம் போட்டுக்கொண்டே போய்க் கிழங்குக் குழியைத் திறக்கிறான். குழி நிரம்பி வழிகிறது. கொடுக்கக் கொடுக்கக் குறையவில்லை. நமக்கு உடனே அமுதசுரபி நினைவுக்கு வரும், அந்த வகையான கதைதான். ஆனால் எனக்கு அந்தப் புருஷன்தான் முக்கியமாகத் தெரிகிறான். அவன் பேசும் பேச்சை அந்த வருடங்களில் எத்தனையோ வீடுகளில் பேசியிருப்பார்கள், கதவையும் சாத்தியிருப்பார்கள். சாத்திய கதவை நேராகச் சொல்ல முடியாத ஊர் இப்படிச் சொல்லிக்கொண்டது என்றுதான் நான் படிக்கிறேன்.

கடவுளின் தண்டனை என்ற விளக்கமும் அடிக்கடி வரும். பஞ்சத்துக்கு முந்தைய வருடங்களில் கிழங்கு அப்படி விளைந்ததாம். தின்ன ஆளில்லாமல் வேலியோரம் கொட்டினார்களாம், சந்தையில் விற்காததைத் திரும்பி வரும் வழியில் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டு வந்தார்களாம். சாப்பாட்டை மதிக்காததற்குக் கிடைத்த தண்டனை என்று முடிப்பார்கள். எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. தெற்கே வாட்டர்ஃபோர்ட் மாவட்டத்து ரிங் என்ற ஊரில், மாயிரே நீ த்ரோமா என்ற பெண் பாடியதாகச் சொல்லப்படும் கறுத்துப்போன கிழங்கைப் பற்றிய பாட்டில், ஏழைகளைக் குளிரிலும் தெருவிலும் அலைய விட்டது கடவுள் செய்த வேலையே இல்லை என்று நேராகவே வருகிறது.

சாப்பாட்டைப் பற்றிய நினைவுகள் துல்லியமானவை. பசி விஷயத்தில் கிழவர்கள் கற்பனை செய்யத் தேவைப்படவில்லை போலும். காட்டுக்கடுகுக் கீரை, காஞ்சொறி மாதிரி அரிக்கும் செடியின் கொழுந்து, அதுவும் கல்லறைத் தோட்டத்தில் செழித்து வளர்ந்தது, பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பி, கடற்பாசி, டர்னிப். உயிரோடு இருக்கும் மாட்டின் கழுத்து நரம்பைக் கீறிக் கொஞ்சம் ரத்தம் எடுத்து, கீறலைக் கட்டிவிட்டு, ரத்தத்தை மாவோடு சேர்த்துச் சமைத்ததையும் சொல்வார்கள். அரசாங்கம் இறக்கிய மக்காச்சோளத்துக்கு ‘மஞ்சள் மாவு’ என்று பெயர். எப்படி வேகவைப்பதென்று தெரியாமல் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்ட கதைகள் ஏராளம்.

இவற்றோடு சேர்ந்ததுதான் ‘ஃபேர் கோர்த்தக்’, பசிப்புல். பஞ்சத்தில் ஒருவர் விழுந்து செத்த இடத்தில் முளைத்த புல். தெரியாமல் மிதித்துவிட்டால் திடீரென்று கைகால் தளர்ந்து, தாங்க முடியாத பசி வந்து, அங்கேயே சாய்ந்துவிடுவீர்கள். மலைமேல் ஆடு தேடிப் போகிறவர்கள் அதற்காகவே சட்டைப்பையில் ஒரு துண்டு ரொட்டி வைத்துக்கொள்வார்கள். இந்த நம்பிக்கை கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: வழியோரத்தில் எத்தனை பேர், எங்கெங்கே விழுந்தார்கள் என்று யாருக்கும் தெரியாத ஊரில், எந்தப் புல்லும் அந்தப் புல்லாக இருக்கலாம்.

சாவைப் பற்றி இரண்டு மூன்று காட்சிகள் திரும்பத் திரும்ப வரும். செத்த தாயையோ மனைவியையோ முதுகில் கட்டிக்கொண்டு கல்லறைக்கு நடந்த மனிதன். அடிப்பலகை கீல் வைத்துத் திறக்கும் சவப்பெட்டி: பிணத்தைக் குழியில் விட்டுவிட்டுப் பெட்டி அடுத்த பிணத்துக்குத் திரும்பிவிடும். டைஃபஸ் காய்ச்சல் கண்ட வீட்டுக்குள் போகப் பயந்து, நீளமான மண்வெட்டியில் சாப்பாட்டை வைத்து ஜன்னல் வழியே நீட்டுவது. உள்ளே எல்லோரும் செத்தபின் கூரையையும் சுவரையும் அவர்கள் மேலேயே தள்ளிவிட்டு அதையே சமாதியாக்குவது. இவற்றில் பலவற்றுக்கு அந்தக் காலத்து மருத்துவர்களும் பாதிரிமாரும் எழுதியதிலும் ஆதாரம் இருக்கிறது.

இனி ஊர் மென்று விழுங்கிப் பேசும் விஷயங்களுக்கு வருகிறேன். முதலாவது சூப். 1847 கோடையில் அரசாங்கம் திறந்த கஞ்சித்தொட்டிகளில் உச்சகட்டத்தில் நாளுக்கு 30 லட்சம் பேர் சாப்பிட்டார்கள். மொத்த நிவாரணத்தில் உருப்படியாக நடந்தது அதுதான், சில மாதங்களில் அதையும் மூடிவிட்டார்கள். ஆனால் கதைகளில் நிற்பது இந்தச் சூப் இல்லை. மதம் மாறினால் சாப்பாடு என்று சில புராட்டஸ்டண்ட் மிஷன்கள் நடத்தியதாகச் சொல்லப்படும் சூப்தான் நிற்கிறது. மேயோவின் அக்கில் தீவில் பஞ்சத்துக்கு முன்பே அப்படி ஒரு மிஷன் குடியிருப்பு இருந்தது. ‘சூப் குடித்தவர்கள்’ என்பது மூன்று தலைமுறைக்கு அழியாத வசை. பிள்ளைகள் சாகிறார்கள் என்று பாதிரி வாசலில் நின்ற தாயை மன்னிக்க ஊருக்கு நூறு வருடம் போதவில்லை. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் எந்த நிபந்தனையும் இல்லாமல் ஊற்றிய கஞ்சியை நல்லபடி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது நிலம். இது சூப்பைவிட ஆழமான புண். 1847 சட்டத்தில், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது என்று ஒரு விதியைச் சேர்த்தார்கள். கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விட்டுக்கொடு. விட்டுக்கொடுத்த நிலம் காற்றில் கரைந்துவிடவில்லை. நிலப்பிரபு எடுத்து மேய்ச்சலுக்கு விட்டதை ஊர் உரக்கச் சொல்லும். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கித் தன் நிலத்தோடு சேர்த்துக்கொண்டதை மெதுவாகத்தான் சொல்லும். மாவைக் கடனுக்குக் கொடுத்து நிலத்தை எழுதி வாங்கிய ‘கோம்பீன்’ ஆளும் உண்டு, நம்மூர் மளிகைக் கடைக்காரரும் கந்துவட்டிக்காரரும் ஒரே சட்டைக்குள் இருப்பது மாதிரி. அவர்களின் பேரன்கள் அதே ஊரில் பெரிய விவசாயியாகவோ கடைக்காரராகவோ இருக்கும்போது, பள்ளிக்கூட நோட்டில் பெயர் போட்டு எழுத முடியுமா? ஆகவே நோட்டுகளில் ‘சிலர்’ என்று வரும். ஊருக்கு அந்தச் சிலர் யாரென்று தெரியும்.

உண்மையிலேயே தவறான கதைகளும் உண்டு. விக்டோரியா மகாராணி பஞ்சத்துக்கு வெறும் 5 பவுண்டு கொடுத்தார் என்பது அதில் பிரபலம். அவர் கொடுத்தது 2,000 பவுண்டு. துருக்கி சுல்தான் 1,000 பவுண்டு அனுப்பியது நிஜம். ஆனால் அயர்லாந்தின் ட்ராஹெடா நகரத்தின் சின்னத்தில் பிறையும் நட்சத்திரமும் இருப்பது, சுல்தான் கப்பல்களில் உணவு அனுப்பியதற்கு நன்றியாக என்பது கதை. சின்னம் பஞ்சத்துக்குப் பல நூற்றாண்டு மூத்தது. அயர்லாந்தின் ஜனாதிபதி ஒருவரே 2010இல் துருக்கியில் இந்தக் கதையைச் சொன்னார் என்றால் பாருங்கள். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களும் மற்றவர்களும் திரட்டி அனுப்பிய 14,000 பவுண்டு, வெளிநாட்டிலிருந்து வந்த முதல் உதவிகளில் ஒன்று. அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்ட அமெரிக்கப் பூர்வகுடி சோக்டா மக்கள் 1847இல் அனுப்பிய 170 டாலரை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கொடுத்தவர் பட்ட அடிதான் தொகையைவிட மனதில் நின்றிருக்கிறது.

டூலாக் சாலையில் 1988 முதல் ஆண்டுதோறும் நினைவு நடை நடக்கிறது. சோக்டா மக்களும் நடந்திருக்கிறார்கள், தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவும் நடந்திருக்கிறார். சாலையோரக் கல்லில் காந்தியின் வாசகம் பொறித்திருக்கிறது: சக மனிதனை இழிவுபடுத்துவதில் மனிதர்கள் எப்படிப் பெருமை காண்கிறார்கள் என்று. இது வெளியிலிருந்து வந்து சேர்ந்த நினைவு, அதில் குறையொன்றுமில்லை. ஊரின் சொந்த நினைவு வேறு இடத்தில் இருக்கிறது. மாலை வெயில் சாய்வாக விழும்போது மேயோவின் மலைச்சரிவுகளைப் பார்த்தால், இன்று ஆடு மட்டும் மேயும் உயரத்தில், வரிவரியாகப் பழைய கிழங்குப் பாத்திகள் தெரியும். அவ்வளவு உயரம்வரை ஏறி நட்டிருக்கிறார்கள். சில வயல்களில் ஒரு மூலை மட்டும் உழாமல் கிடக்கும். ஏன் என்று கேட்டால் ‘அப்பாவும் உழுததில்லை’ என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

நீங்களே படித்துப் பார்க்க விரும்பினால், பள்ளிப் பிள்ளைகளின் அந்த நோட்டுகள் இன்று ‘டூகஸ்’ என்ற இணையதளத்தில் கையெழுத்தோடு அப்படியே கிடைக்கின்றன, காசு கட்ட வேண்டியதில்லை. லூயிஸ்பர்க் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் தொடங்குங்கள். ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு நோட்டிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். கிடைக்காவிட்டால் மாற்றிப் போட்டுத் தேடுங்கள். அப்புறம், ஒரே பள்ளியோடு நிறுத்தாதீர்கள். ‘எங்கள் ஊரில் அவ்வளவு மோசமில்லை, மலைக்கு அந்தப் பக்கம்தான்’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியின் நோட்டை எடுத்து, அங்கே எந்தப் பக்கத்தைக் கைகாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.